தங்கச்சியின் கொம்பு

என் தங்கச்சி ஒற்றைக்கொம்புக் குதிரை. இதை அவள் வீட்டில் சொன்னது என்னிடம் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "பாக்கத்தான் மனுசிக்கா. உள்ளுக்குள்ள நான் அதுதான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நாளைக்குக் கொள்ளு அவிச்சு வைக்கவா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வாய்க்கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

அப்போது அவளுக்கு இருபது வயது. சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. ஆள் வராத நேரத்தில் கம்ப்யூட்டரில் அவர்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். எந்தெந்தத் தேசத்திலோ இருந்துகொண்டு, தாங்களும் ஒற்றைக்கொம்புக் குதிரைகள்தான் என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பத்திருபது பேர். நெற்றியில் இல்லாத கொம்பு சில நாள் கனக்கும், சில நாள் வலிக்கும் என்று அவர்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டாளாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நெற்றி வலிக்கும். அம்மா சுக்குப் பத்துப் போடுவாள். நாங்கள் தலைவலி என்றே நினைத்திருந்தோம். அவர்கள் மட்டும்தான் அவளிடம் ஏன், எதற்கு என்று கேட்காமல் நம்பினார்கள். மடியில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பதில் எழுதுவாள்.

ஒருநாள் தன்னையே வரைந்து கொண்டுவந்தாள். சாம்பல் நிறக் குதிரை. தலை கொஞ்சம் குனிந்திருந்தது. "அங்கன எல்லாருக்கும் அனுப்பிட்டேன். இங்கன உனக்கு மட்டுந்தான். நீயே வச்சுக்கோக்கா" என்றாள்.

நான் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் சில முதலாளிமார் தங்கள் பிள்ளைகளின் படத்தை மத்தாப்புப் பெட்டியில் போடுவார்கள். பிள்ளை மேல் அவ்வளவு செல்லம் என்று அர்த்தம். என் தங்கச்சியை யார் போடுவார்கள்? சீசனில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்குப் புது லேபிள் கேட்டு ஆர்டர் வந்ததும் அவளைப் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை, சந்தோஷத்தில் திகைத்துப்போகட்டும் என்று இருந்தேன். சாம்பல் விற்காது என்று ரோஸ் நிறமாக்கினேன். கொம்பு நுனியிலிருந்து பொறி பறக்கவிட்டேன்.

முதல் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்புட்டு அடிச்சிருக்கு?"

"அம்பதாயிரம்" என்றேன், பெருமையாக.

"அம்புட்டையும் கொளுத்திருவாகள்ல?"

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. "படந்தானே" என்றேன்.

"என் கொம்புலயே தீய வச்சிட்டியேக்கா."

அதற்குள் லோடு ஏறிவிட்டது. நிறுத்தச் சொல்ல நான் யார்? அந்தத் தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு வேலையையும் விட்டாள். அவர்களுக்கு எழுதுவதையும் விட்டாள். "கூடப்பொறந்தவளே இப்படிச் செஞ்சான்னு அவுககிட்ட எப்படிச் சொல்ல?" என்று ஒருமுறை கேட்டாள். அதுதான் அந்தப் பேச்சின் கடைசி.

அருப்புக்கோட்டையில் வாக்கப்பட்டுப் போனாள். இரண்டு வருடம் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். "அந்தக் குதிரை விசயத்துல நான் செஞ்சது தப்புத்தான்."

"எந்தக் குதிரக்கா?" என்றாள்.

மறந்தவளின் முகம் இல்லை அது. அம்மாவிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் காட்டுகிற அதே முகம். சிரித்தபடி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.