கருமாதி முடிந்து வந்த முதலாளி

எங்கள் வீட்டில் அண்ணன் முதல் கலியாணத்துப் பிள்ளை, நான் இரண்டாவது கலியாணத்துப் பிள்ளை. அப்பாவும் ஒருவர்தான், அம்மாவும் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் என்னைப் பொய்க்காரி என்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒருநாள் நம்பாத ஒருத்தியைக் கையோடு இழுத்துக்கொண்டு ஹட்டனில் இருந்த எங்கள் பேக்கரிக்கே போய்விட்டேன். அப்பா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, "ஆமா பாப்பா, நான் ஒரு தடவ செத்துட்டேன். சும்மா சொல்லக் கூடாது, எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்களாம்" என்று சொல்லி, அவளுக்கு ஒரு பனிஸ் கொடுத்து அனுப்பினார்.

நடந்தது இதுதான். யுத்த காலத்தில் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அம்மாவிடம் டவுனுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு, கொழும்புக்குப் போய்ப் பட்டாளத்தில் சமையல்காரராகச் சேர்ந்துவிட்டார். பர்மா எல்லையில் காய்ச்சல் கண்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய சாமான் மூட்டை மட்டும் கப்பலேறித் தோட்டத்து ஆபிஸுக்கு வந்து சேர்ந்தது. கூடவே இங்கிலீஷில் ஒரு துண்டுக் காகிதம். கிளாக்கர் அன்றைக்கு லீவு. கங்காணிக்கு அதில் அப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை. ஆள் வராமல் மூட்டை வந்தால் வேறென்ன அர்த்தம் என்று தப்பு அடிக்கச் சொல்லிவிட்டார். சாவுத் தப்பு கேட்டால் மலையில் கொழுந்து பறிக்கிற சனம் கூடையோடு இறங்கிவிடும். பிறகு யார் நிறுத்துவது? மறுநாள் கிளாக்கரிடம் காட்டியிருந்தால், ஆளுக்குச் சுகமில்லை என்றுதான் எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லியிருப்பார். ஆனால் காட்டுவதற்குக் காகிதம் இருந்தால்தானே? உடம்பு இல்லாத குறைக்கு மூட்டையைப் புதைத்தபோது அதையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு அப்போது நாலு வயது. மொட்டையடித்து, கையில் கொள்ளிக்குப் பதிலாக ஊதுபத்தியைக் கொடுத்தார்களாம். பதினாறாம் நாள் அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, அம்மாவைப் பலகையில் உட்கார வைத்துத் தாலியைக் கழற்றினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எந்த நல்ல காரியத்துக்கும் அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. மலைக்குப் போகிற வழியில் அம்மா எதிரே வந்தால், நின்று அவள் கடந்த பிறகு நடந்தவர்களும் உண்டு. அவர்களில் முதல் ஆள் அத்தைதான். மற்றக் கதையெல்லாம் அம்மா சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். இந்த இடத்தில் மட்டும் சிரிக்கமாட்டாள்.

யுத்தம் முடிந்து அப்பா லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். அத்தை விளக்குமாற்றோடு வந்தாராம், பேய் விரட்ட. கோயில் பூசாரி வந்து, கருமாதி முடிந்த ஆள் அப்படியே வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, தலைக்கு ஊற்றி, மாரியம்மன் முன்னால் திரும்பவும் தாலி கட்டினால்தான் உள்ளே போகலாம் என்றார்.

"அதுக்கென்ன, நாளைக்கே கட்டிட்டாப் போச்சு" என்றார் அப்பா.

அம்மா காம்பரா அறைக்குள் இருந்தபடியே சொன்னாள்: "மொதத் தடவ என்னைய யாரும் கேக்கல. இந்தத் தடவ யோசிச்சுத்தான் சொல்லுவேன்."

யோசிக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதம்தான் அப்பாவை முதலாளி ஆக்கியது. படுக்க இடமில்லாமல், ஹட்டன் டவுனில் பேக்கரி வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் போய் ஒண்டிக்கொண்டார். பட்டாளத்துக்கே ரொட்டி போட்ட கை சும்மா இருக்குமா? அம்மா ஒருவழியாகச் சரி என்றபோது அப்பா ரொட்டி சுடுகிற போறணைக்குப் பொறுப்பாளர். வயதான நானா ஊரோடு போனபோது கடை அப்பாவுக்கு வந்தது. நான் பிறந்ததும் அந்தக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில்தான்.

கடையை அவர் பட்டாளம் பாதி, தோட்டம் பாதியாக நடத்தினார். காலையில் வேலையாட்களுக்குப் பெரட்டு உண்டு. வரிசையில் நிற்கவேண்டும், நகம் காட்டவேண்டும். அண்ணனும் நிற்கவேண்டும். சனங்கள் பாண் ரொட்டி வாங்குவதற்கும் வரிசைதான். ஒருநாள் ஒரு தோட்டத்துத் துரை ஜீப்பை நிறுத்தி நேரே உள்ளே வந்தார். அப்பா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, இங்கிலீஷில் ஏதோ சொல்லி, அவரையும் வரிசையின் கடைசியில் நிற்க வைத்துவிட்டார். துரையும் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற கொழுந்துக்காரப் பெண் இரண்டு பாண் வாங்க வந்தவள், இது கறுவல், அது வேகாதது என்று குறை சொல்லிச் சொல்லி அரைமணி நேரம் பொறுக்கினாள். எனக்கு அப்பாவை அன்றைக்குப் பிடித்த அளவு வேறு என்றைக்கும் பிடித்ததில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு தோட்டத்துச் சனங்களெல்லாம் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டபோது பழைய தோட்டத்துப் புத்தகத்தில் அப்பா பெயரை வெட்டியிருந்தார்கள். விசாரித்த ஐயா நிமிர்ந்து பார்த்து, "நீ செத்துட்டதா எழுதியிருக்கே?" என்றாராம். அப்பா, "ஆமாங்க ஐயா, அதுக்கப்புறம் கலியாணம் பண்ணி ஒரு பொம்பளப் புள்ளையும் இருக்குங்க" என்றாராம். அந்த மனு என்ன ஆனதென்று கடைசிவரை தெரியவில்லை. அப்பா அதையும் கதையாக்கிச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாவற்றுக்கும் சிரிக்கத் தெரிந்தவருக்கு அறுபதுகளின் நடுவில் நெஞ்சுவலி வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரே ஒரு விஷயந்தான் அவரை அரித்தது. அத்தை பார்க்க வந்த அன்று நானும் இருந்தேன்.

"அக்கா, நான் போறதப் பத்தி ஒண்ணுமில்ல. ஏற்கனவே போயிட்டு வந்தவன்தான். ஆனா அவ மறுபடி அந்தப் பலகையில உக்காரக் கூடாது. நான் சொல்லாமக் கொள்ளாமப் போன குத்தத்துக்கு அவ ரெண்டு வருசம் அனுபவிச்சுட்டா. நீதான் பாத்துக்கணும்."

"என்னடா பேச்சு இது? ஊர் உலகத்துல நடக்கிறதுதானே எல்லாருக்கும்?"

"நீ சொன்னா ஊரு கேக்கும்க்கா."

அத்தை கொண்டுவந்த கஞ்சிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த தடவை வந்தபோதும் அப்பா கேட்டார். அப்போதும் அத்தை ஜன்னலைத்தான் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. அந்த வாரமே ஒரு காலையில் அப்பா போய்விட்டார்.

ஹட்டனில் அன்று பாதிக் கடை மூடியிருந்தது. டயகமவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். பழைய தோட்டத்துக் கிழவர்கள் சிலர் கிட்டே வந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை குனிந்து பார்த்தார்கள். "இந்தத் தடவ நெசந்தானே?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். அழுதுகொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா கேட்டிருந்தால் அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

பதினாறாம் நாள் வந்தது. பெண்கள் கூடிவிட்டார்கள். பலகை போட்டாயிற்று. அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கை மட்டும் தாலியைப் பிடித்திருந்தது. அத்தை உள்ளே வந்தார். நேரே போய்ப் பலகையில் தானே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இந்தா பாருங்க. இந்த ஆளுக்காக இவளுக்கு எல்லாம் ஏற்கனவே செஞ்சாச்சு. இந்தக் கையாலதான் செஞ்சேன். ஒரு ஆளுக்கு ஒரு தடவதான். ரெண்டாந்தடவ செஞ்சா குடும்பத்துக்கு ஆகாது."

"அப்பிடி ஒரு மொற இருக்கா?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு தடவ செத்தவன உங்க குடும்பத்துல பாத்திருக்கியா? இல்லல்ல? அப்ப உனக்கெப்படி மொற தெரியும்?"

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். பூசாரி அத்தையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, "அப்படியும் சொல்லுவாங்க" என்றார். அப்படி யாரும் எங்கும் சொன்னதில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகும் அத்தை பலகையை விட்டு எழும்பவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அத்தையைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அவன் கேட்டப்பவே நான் சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள. நிம்மதியாப் போயிருப்பானே."

அம்மா அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். "போதும் அண்ணி, விடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, பதினாறு நாளாக வராத அழுகையை அத்தையின் தோளில் அழுதாள்.