கை நுழையாத கேபினெட்

மார்ச் 8, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து, காபி குடித்து, முந்தைய நாள் குறிப்பை எழுதி முடித்தபோது ஆறே முக்கால். அன்று வெளிவேலை ஒன்றுதான்: அத்திம்பேருக்குக் கம்ப்யூட்டர் கேபினெட் வாங்குவது.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டர்களையெல்லாம் இருபது வருஷமாகத் திறந்து மூடியவர். இரண்டு வருஷமாக அவருக்குக் கைநடுக்கம். சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிடுகிறாள். காபியை அரை டம்ளராகத்தான் கொடுக்கிறாள். பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனதும் புது மதர்போர்டு ஒன்றை வரவழைத்தார். கடையில் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்றாள் அக்கா. "இது ஒண்ணையாவது நானே பண்றேனே" என்றார் அவர்.

அவர்கள் வீட்டில் மேஜைக்கும் கோயிலாழ்வாருக்கும், அதாவது பெருமாள் எழுந்தருளியிருக்கும் அலமாரிக்கும், நடுவே கம்ப்யூட்டர் நிற்க ஏழு அங்குலம் இடைவெளி; மேஜைக்கு மறுபுறம் சுவர். கிரகப்பிரவேசத்தன்று வைத்த இடத்திலிருந்து அந்த அலமாரி நகர்ந்ததே இல்லை; மற்றதெல்லாம் அதற்கு ஒதுங்கித்தான் நிற்கும். இடைவெளியைக் குறித்துக்கொண்டேன். போர்டையும் அளந்தேன்: இருபத்து நான்கரை சென்டிமீட்டர் சதுரம்.

இரண்டு அளவுக்கும் சரியாக ஒரு சின்ன கேபினெட் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் இருந்தது. கடைக்காரர்தான் தயங்கினார்.

"போர்டு உக்காந்துரும் சார். ஒயர் மாட்ட கை போகாது. பெரிசா எடுத்துக்கோங்க."

"அளந்துதாங்க வந்திருக்கேன்."

"போர்டைத்தானே சார் அளந்தீங்க?"

அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

"என்னடா, எறும்பு குடித்தனம் பண்ணவா?" என்று சிரித்தார் அத்திம்பேர். ஆனாலும் உட்கார்ந்தார். போர்டின் துளைகள் கேபினெட்டின் துளைகள்மேல் மயிரிழை பிசகாமல் நின்றன. எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று திருகுகளை முடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம். நான்காவது, பவர் சப்ளைக்கு அடியில், மூலையில். விரல்கள் தகட்டில் மோதி மோதித் திரும்பின. திருகு விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. புறங்கையில் தகடு கீறி ரத்தம் கசிந்தது. நான் கையை நீட்டினேன்.

"தொடாதே."

ஏழாவது முறை விழுந்தபோது ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "நீ சொன்னாப்பல கடையிலயே குடுத்துடலாம்."

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறிப்பேட்டைத் திறந்தேன், மூடினேன். மாடிக்குப் போனேன், இறங்கி வந்தேன். போர்டை அளந்தவன், இடைவெளியை அளந்தவன், நடுங்குகிற ஒரு கைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லியும். தாராளமான கேபினெட் என்றால் எட்டரை அங்குல அகலம். அதை எங்கே வைப்பது?

விளக்கேற்றும் நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"மத்தியானத்துலேருந்து ஜன்னலையே பாத்துண்டு உக்காந்திருக்கார்டா. அந்தப் பெட்டியைக் குடுத்துட்டுப் பெரிசா மாத்திண்டு வா."

"வைக்க இடமில்லையே அக்கா."

"பெருமாளுக்கு என்ன, ரெண்டு அங்குலம் தள்ளி உக்காந்துப்பார்."

மறுநாள் காலை முதல் காரியமாகக் குளித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கோயிலாழ்வாரை அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து மெள்ள நகர்த்தினோம். "போதுமா?" என்று கேட்டாள் அக்கா.

"இன்னும் ஒரு அங்குலம்" என்றார் அத்திம்பேர்.