எந்த ஆளு

காஞ்சிபுரத்து வைகாசி கருட சேவையன்று, விடிந்தும் விடியாத நேரத்தில், கோபுர வாசலில் பெருமாளைப் பார்த்துவிட வேண்டும் என்பது சம்பூர்ணத்தின் வெகுநாள் ஆசை. தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்ட வருடத்திலிருந்து அது நடக்கவில்லை. ஊர் முழுக்கச் சாமி பார்க்கக் கிளம்பும் நாளில்தான் இட்லிக்காரியால் அடுப்பை விட்டு நகர முடியாது. பெருமாள் எங்கே போய்விடப் போகிறார், வருகிற வருடம் பார்த்துக்கொள்வோம் என்று அவளே தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

ஒரு வருடம் கருட சேவைக்கு முந்தின நாள் அவள் அப்படிப் புலம்பியது, பக்கத்து மைதானத்தில் பந்து ஆட வரும் அருள் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே வண்டியருகில் வந்து நின்றான்.

"கரண்டியக் குடு. நீ போயி உங்க பெருமாளப் பாத்துட்டு வாக்கா."

"உனுக்கு மாவு ஊத்தத் தெரியுமாடா?"

"மோட்டாருக்குக் காயில் கட்டறவன் மாவு ஊத்த மாட்டனா? போ, போ. கருடன் உனுக்கோசரம் நின்னுக்கினா இருப்பாரு?"

போனாள். கண் குளிரப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டபோது என்ன வேண்டிக்கொள்வது என்றுகூடத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. திரும்பி வந்தபோது இட்லி எல்லாம் விற்றுப் போயிருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அருளைக் காணோம். அடுத்த நாள் அவன் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, மோட்டார் சுட்டுவிட்டது என்றான். அது மோட்டார் இல்லை, இட்லிப் பானையின் ஆவி என்று ரொம்ப நாள் கழித்து, அவனோடு பந்து ஆடும் சந்தோஷ்குமார்தான் வாய் தவறிச் சொன்னான். "உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு அண்ணன்" என்று பிறகு கையைப் பிசைந்தான். அருள் மாதா கோயிலுக்குப் போகிறவன். வேறொரு சாமியை அவள் பார்க்க வேண்டும் என்று கையைச் சுட்டுக்கொண்டவன். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் சம்பூர்ணம் மனசுக்குள் பெருமாள் பேரைச் சொல்லிக்கொள்வாள்.

அருளுக்குத் தென்னேரிப் பக்கம் காலனி. ஏரிப் பாசன நிலங்களில் அவன் தாத்தாவும் அப்பாவும் ஆளாக இருந்தவர்கள். அந்தப் பக்கத்தில் ஆளு என்றால் ஒரு காலத்தில் ஒரே அர்த்தம்தான். நிலத்துக்காரர் வீட்டு வாசலில் விடிவதற்கு முன் போய் நின்று, இன்றைக்கு எந்தக் கழனி என்று கேட்டுக்கொள்கிறவன். அப்பா அந்த வாசலுக்கு மகனை அனுப்பவில்லை. காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் சேர்த்தார். அங்கேதான் அருள் கூடைப்பந்து கற்றுக்கொண்டான். மாவட்ட அணிவரைக்கும் ஆடினான். ஆட்டத்தால் ஒரு வேலை கிடைக்கும் என்று சொன்னவர்கள் யாரும் வேலை தரவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டான். பிரவீனாவைக் கட்டிக்கொண்டான். ஆனாலும் காலையில் மைதானத்துக்கு வருவதை மட்டும் விடவில்லை. அந்த சிமெண்ட் தரையில் கோடு போட்டவன் அவன். துருப்பிடித்து விழுந்த இரும்பு வளையத்தை மறுபடி வெல்டிங் வைத்து மாட்டியவனும் அவன்தான்.

அதே மைதானத்தில் அவனோடு ஆடி வளர்ந்தவன் பாண்டியன். அவனுக்கும் தென்னேரிதான். அருளின் தாத்தா போய் நின்ற வாசல் பாண்டியன் வீட்டு வாசல். இப்போது பாண்டியன் மனை விற்கிறான், கட்சியில் ஏதோ பொறுப்பில் இருக்கிறான். உள்ளாட்சித் தேர்தலில் நின்று தோற்றுமிருக்கிறான். ஆனால் பந்து கையில் இருக்கும்போது அதெல்லாம் கிடையாது. அருள் அவனை டா என்பான், அவன் அருளை டா என்பான். சம்பூர்ணத்துக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். கலிகாலத்திலும் இப்படி ஒரு நல்லது இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

ஆடி முடித்து வேர்வையோடு வண்டியைச் சுற்றி நிற்பார்கள். மைதானச் சுவரை ஒட்டி, வேப்ப மர நிழலில் அவளுடைய வண்டி. அந்த இடத்தில் யாரும் தொந்தரவு தராமல் சொல்லி வைத்தவன் பாண்டியன். ஒரு கையில் தட்டு, மறு கையில் போன். அமெரிக்காவில் ராத்திரி நடக்கிற கூடைப்பந்து ஆட்டம் நமக்குக் காலையில் வரும். ஆட்டக்காரர்களின் இங்கிலீஷ் பெயர்கள் அவள் வாயில் நுழையாது என்று அவர்களே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அருளுக்குப் பிடித்தவன் நாடா. தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடாக் கட்டை ஓடுகிற மாதிரி பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மற்றவர் கைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பவன். பாண்டியனுக்குப் பிடித்தவன் வாணம். தூரத்திலிருந்தே எறிந்து பாயிண்டு எடுப்பவன். எங்க ஆளு, ஒங்க ஆளு என்றுதான் பேச்சு நடக்கும்.

ஓர் அக்டோபர் காலையில் சந்தோஷ்குமார் ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கியபடியே வந்தான்.

"வந்துட்ச்சி. இந்த சீசனுக்கு ரேங்க்கிங் போட்டுட்டான். நூறு பேரு."

"ஆட்டம் ஆரம்பிச்சிட்டாங்களாப்பா?" என்றாள் சம்பூர்ணம்.

"இன்னும் இல்லக்கா."

"பரிட்ச எழுதறதுக்கு முன்னாடியே மார்க்கா? நல்லா இருக்குது."

பாண்டியன் போனைப் பிடுங்கினான். "எங்க ஆளு மூணாவது. பாத்துக்கினியாடா அருளு? ஒங்க ஆளு எங்க? கீழ தள்ளு சந்தோசு. இன்னும் கீழ. தம்பி வெரலு தேஞ்சிடப் போவுது."

"நாப்பத்தி ஒண்ணு" என்றான் சந்தோஷ்குமார், பாவமாக.

எல்லாரும் சிரித்தார்கள். அருளும் சிரித்தான். "லிஸ்ட்டு போட்டவன் ஆட்டத்தப் பாக்கலடா, ஸ்கோரத்தான் பாத்திருக்கான். ஒங்க ஆளு கைக்கு பந்து வானத்துல இருந்தா வருது? நாடா ஓடாம எந்த ஊர்ல சேல நெய்யறாங்க?"

"சேலயத்தான்டா கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போவாங்க. நாடாவ எவன் இடுப்புல சொருவிக்கினு போறான்?"

"போன வருஷம் கடைசி மேட்ச்ல ஒங்க ஆளு எறிஞ்சதெல்லாம் வெளியதான். பந்து பொறுக்கவே தனியா ஆளு போடணும் போல இருந்துச்சி."

"ஒரு நாளு அப்பிடித்தான் இருக்கும்."

"நீயும் அந்த ஜாதகம்தான் மச்சான். எலெக்சன்ல தூரமா நின்னு வுட்டியே, அதுவும் வெளியதான போச்சி."

சிரிப்பில் சந்தோஷ்குமாருக்குப் புரையேறியது. தெருவில் போனவர்கூட நின்று பார்த்தார். சம்பூர்ணமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வண்டிமேல் வைத்தான்.

"ஒங்க ஆளுங்களுக்கு இதே வேலையாப் போச்சி. பக்கத்துல ஒக்கார வெச்சா தலமேல ஏறி ஒக்காருவீங்க. அவங்கவங்க எடத்துல இருந்துக்கினா எல்லாருக்கும் நல்லது."

சிரிப்பு நின்றுவிட்டது.

அருள் மெதுவாகக் கேட்டான். "எந்த ஆளு?"

"இன்னாது?"

"இவ்ளோ நேரம் ஒங்க ஆளு ஒங்க ஆளுன்ன. அது நாடா. இப்ப ஆளுங்கன்ன. எந்த ஆளுங்க?"

"பிளேயரத்தான்டா சொன்னேன். நீயா எதுனா நெனச்சிக்கினா நான் பொறுப்பா?"

"பிளேயரு ஒருத்தன்தான். ஒக்காருவீங்கன்னா, அந்த 'வீங்க'ல யாரு யாரு இருக்கறாங்க?"

அருள் சந்தோஷ்குமார் பக்கம் திரும்பினான். இவனுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் அருள்தான். "நீ கேட்டதான? நீ சொல்லு."

சந்தோஷ்குமார் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பிளேயரத்தான்ணா சொன்னாரு. சும்மா ஜாலிக்கு." கூட நின்ற இரண்டு மூன்று பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். காலங்காத்தால எதுக்கு, வுடுப்பா, அண்ணன் அப்பிடிப்பட்டவரு இல்ல என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாண்டியன் முகம் தெளிந்தது. சொன்ன வார்த்தை சொல்லாததாக மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் தப்பு அருளுடையதாகவே ஆகிவிடும்.

சம்பூர்ணம் அந்த மனிதர்களை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. நாலாவதோடு படிப்பை விட்டவள். சட்டென்று பேச வராது. வேப்ப மர நிழலும் சுவரோர இடமும் யாருடைய தயவு என்று அவளுக்குத் தெரியும். பெருமாளே, என் வாயைக் கட்டிவிடு என்றுதான் முதலில் வேண்டிக்கொண்டாள். அப்போது அருள் தட்டைக் கீழே வைத்தான். உள்ளங்கைத் தழும்பு தெரிந்தது.

"நானும் கேட்டேம்ப்பா" என்றாள்.

"யக்கா, நீ இட்லியப் பாரு" என்றான் பாண்டியன்.

"பாத்துக்கினுதான் இருக்கேன். காது சும்மாதான இருக்குது. மொதல்ல நீ சொன்னது பந்து ஆடறவன. அப்பறமா சொன்னது இவன, இவங்க அப்பன, இவங்க தாத்தன. இங்க நிக்கற எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சிக்கினே பிளேயரு பிளேயருன்றாங்க. நான் தெனம் காலம்பற சாமி பேரச் சொல்ற வாயி இது. இதால அத சொல்ல மாட்டேன்."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அருள் கையைக் கழுவினான். துண்டை எடுத்துத் தோளில் போட்டான். பாண்டியனைப் பார்த்து, "நான் வரேங்க" என்றான்.

அந்த 'ங்க' பாண்டியனைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "டேய், இத்தினி வருஷமா டா போட்டுக்கினு இருந்தவன் இப்ப எதுக்குடா ங்க போடற?"

"எடம் தெரிஞ்சி பேசறேங்க" என்றான் அருள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் அவன் மைதானத்துக்கு வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். சம்பூர்ணத்துக்கு ஆத்திரம் வந்தது அதில்தான். வந்தவர்கள் அதே மரத்தடியில் நின்று, அதே நூறு பேரையும் மறுபடி மேலும் கீழும் ஏற்றி இறக்கினார்கள். கடல் கடந்து எங்கேயோ இருக்கிற ஒருவன் மூணாவதா அஞ்சாவதா என்பதற்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பக்கத்தில் நின்று சாப்பிட்ட ஒருவனை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதற்கு ஒருவர் வாயிலும் சத்தம் இல்லை.

ஒரு நாள் பாண்டியன் சொன்னான். "எலெக்சன் மேட்டர அத்தினி பேரு எதுர்ல இழுத்தான்ல, அதுக்கு ஒரு சாரி சொல்லட்டும். நானும் மறந்துடறேன்."

"நல்லதுதான். அவரு சொல்லிட்டாருன்னா முடிஞ்சிடும்" என்றான் சந்தோஷ்குமார்.

சம்பூர்ணம் அடுப்பை அணைத்தாள்.

"இட்லி இல்லப்பா."

"பான நெறைய இருக்குதேக்கா, ஆவி வந்துக்கினு இருக்குது."

"இருக்குது. ஒங்களுக்கு இல்ல."

"இன்னாக்கா, நீயுமா?"

"சாரி யாரு சொல்லணும்னுகூடத் தெரியாத வாயிக்கு நான் எதுக்குடா சோறு போடணும்? அருளு கையி வெந்தது ஒனுக்குத்தானடா தெரியும் சந்தோசு. எனக்கே நீதான வந்து சொன்ன. ஒனுக்கு எப்பிடிடா நாக்கு புரண்டுச்சி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பானை இட்லி முழுவதையும் அவள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தாள். கோபத்தோடு கொடுத்த அன்னம் புண்ணியத்தில் சேருமா என்று சந்நிதியில் நின்று கேட்டாள். சேராவிட்டாலும் போகட்டும் என்றும் அங்கேயே சொல்லிவிட்டு வந்தாள்.

கொஞ்ச நாளில் ஒருவர் வந்து, சுவரோரம் வண்டி நிற்கக் கூடாது என்றார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, வெயில் அடிக்கிற ஒரு சந்துக்கு வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. செய்தி எப்படிப் போனதோ, சக்கரம் சாக்கடை மூடியில் மாட்டி நின்ற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை தள்ளியது. அருள். சந்துவரை அவனே தள்ளிக்கொண்டு வந்தான்.

அவனுக்கும் தொழில் குறைந்துபோயிருந்தது. தென்னேரி, வாலாஜாபாத் பக்கத்து நிலத்துக்காரர்களின் மோட்டார் எல்லாம் அவன் கடைக்குத்தான் வரும். வருவது நின்றுவிட்டது. அரக்கோணத்தில் பிரவீனாவின் அண்ணன் பெரிதாக மோட்டார் கடை வைத்திருக்கிறான், அங்கேயே வரச் சொல்கிறான் என்றான். அவனும் போய்விட்டால் என்று சம்பூர்ணம் நினைத்தபோது, பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது.

"அந்த வளையத்தயாவது கழட்டிக்கினு போடா. நீ மாட்டனதுதான அது? என்னாத்துல போடறானுங்கன்னு பாக்கலாம்."

"சாயங்காலத்துல சின்னப் பசங்க ஆடறாங்கக்கா. அவங்க இன்னா பண்ணாங்க?"

"ஒனுக்குக் கோவமே வராதாடா?"

"வராம இன்னா? அடக்கிக்கினு இருக்கறேன். வெளிய வுட்டா, பாத்தியா அவங்க ஆளுங்க இப்பிடித்தான்னு அதுக்கும் சேத்து சொல்லுவாங்க."

அவன் கிளம்பிய நாள் சந்துக்கு வந்தான். பிரவீனா சாமான் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். சம்பூர்ணம் ஒரு தூக்கில் இட்லியும் வடகறியும் கட்டி அவளிடம் கொடுத்தாள். அருள் நின்றபடியே இரண்டு இட்லி சாப்பிட்டான். மைதானத்துக் கும்பல் மறுபடி இந்தச் சந்துக்குத் தேடி வர ஆரம்பித்திருப்பதையும், நேற்று சந்தோஷ்குமார் வந்து வெட்கப்பட்டுக்கொண்டு தட்டை நீட்டியதையும், தான் கொடுக்கவுமில்லை விரட்டவுமில்லை என்பதையும் அவள் சொன்னாள். என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

அருள் கையைக் கழுவிவிட்டு, தழும்பு இருந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வரட்டும்க்கா. வருஷா வருஷம் லிஸ்ட்டு வரும், வந்து நின்னுக்கினு எங்க ஆளு ஒங்க ஆளுன்னு பேசுவாங்க. எந்த ஆளுன்னு கேளு. கேட்டுட்டு அப்பறமா இட்லி வெய்யி."