லூபோக் சீனா சாலையில் மூன்று கண்ணாடிச் சாடிகள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் வெளிவரப்போகிற விஷயம். நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். ஒரு ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் புகைக்கரி எவ்வளவு விழுகிறது என்று அளப்பதற்காக மூன்று கண்ணாடிச் சாடிகளை மூன்று இடங்களில் வைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு சாடியின் கழுத்திலும் ‘தொடாதே’ என்று ஓர் அட்டை கட்டினேன். கட்டியவன் தமிழன். தொடக்கூடியவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள், மிச்சம் மலாய்க்காரர்கள். அட்டையில் இருந்தது இங்கிலீஷ். அதையும் கையால் எழுதவில்லை, டைப் அடித்து, அடியில் கோடு வேறு போட்டிருந்தேன்.

அந்தச் சாடிகளை ஒரு மாதம் கழித்து எடுத்துவரப் போன கதை இது.

வியாழக்கிழமை, காலை ஏழு மணி. மலாக்கா பஸ் நிலையத்தில் அலோர் காஜா பஸ் ஏறினேன். பதினைந்து மைல், அறுபது காசு. மடியில் என் பெட்டி. அதற்குள் புனல், வடிகட்டும் தாள், மூடியிட்ட காலி பாட்டில்கள், ஒரு புகை அட்டை. புகை அட்டையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை கட்டங்கள் இருக்கும். பூஜ்யம் முதல் ஐந்து வரை எண்கள். புகைபோக்கிக்கு எதிரே நின்று அட்டையை நீட்டிப் பிடித்து, புகையின் நிறம் எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அரசாங்கச் சுகாதார இலாகா எனக்குச் சம்பளம் தருகிறது என்பதை என் மாமியார் இன்னும் நம்பவில்லை.

எட்டு மணிக்கு அலோர் காஜா. அங்கே பஸ் மாறினேன். சிம்பாங் அம்பாட்டுக்கு இருபத்தைந்து காசு. பாதி வழியில் சடக்கின் குறுக்கே கட்டை போட்டுப் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசியோ மருந்தோ போகக்கூடாது என்பதற்காகப் பைக்குப் பை துழாவும் காலம். என் பெட்டியைத் திறந்த மலாய்க் கான்ஸ்டபிள் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“உள்ளே என்ன?” என்று மலாயில் கேட்டார்.

“ஒன்றுமில்லை.”

“ஒன்றுமில்லாததற்கு எதற்கு மூடி?”

“போகும்போது காலி. வரும்போது புகை இருக்கும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற சீனக் கிழவி தன் கூடையை என் பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள். கான்ஸ்டபிள் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார், மூடினார், திருப்பித் தந்தார். “இறுக்கி மூடு லா,” என்றார். “புகை ஓடிப்போயிடும்.” மற்ற கான்ஸ்டபிள்கள் சிரித்த சிரிப்பு பஸ் கிளம்பியும் கேட்டது.

சிம்பாங் அம்பாட்டில் இறங்கியபோது ஒன்பதே கால். ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு தோசை தின்று, தேநீர் குடித்துப் பசியாறினேன், முப்பது காசு. அங்கிருந்து லூபோக் சீனா சாலையில் ஐந்து மைல், நான்கு பேரோடு பங்கு டாக்சி, ஐம்பது காசு. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசை பிசகாமல் நின்றன. நான் இறங்கிய இடத்தில் முள்கம்பி வேலியும் அதற்கு ஒரே ஒரு வாசலும் இருந்தன.

வேலிக்கு வயது ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்பு இந்தத் தோட்டத்து லயங்கள் மேட்டுக்கு ஒன்றும் பள்ளத்துக்கு ஒன்றுமாகச் சிதறிக் கிடந்தன. அவசர காலச் சட்டம் வந்ததும் எல்லோரையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்து நெருக்கிக் கட்டினார்கள். இடம் போதவில்லை. மூன்றாவது லயம் புகைக்கூடத்திலிருந்து நாற்பது அடியில் போய் நின்றது. புகைக்கூடம் என்பது ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாள்கணக்கில் காயவைக்கும் கட்டடம். வேலி போட்டவர்கள் துப்பாக்கியை நினைத்துப் போட்டார்கள். புகை அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை.

வாசலில் பெரிய கிராணி பொன்னையா காத்திருந்தார். தோட்டத்து ஆபீசில் பேர் எழுதுகிறவர். ஐம்பது வயது, எதையும் தாழ்ந்த குரலில் ரகசியம் போலச் சொல்லுவார்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க தம்பி. நாளைக்குத் தொரை பேரு வெட்டுற லிஸ்ட்டுல கையெழுத்துப் போடுறாரு. ராமசாமி பேரு அதுல இருக்கு.”

ராமசாமி மூன்றாவது லயத்துக்காரர், பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். நான்கு மாதமாக நெஞ்சுச்சளி, இளைப்பு. வேலைக்குப் போன நாளைவிடப் போகாத நாள் அதிகம். வேலை செய்ய முடியாதவர் என்று பேர் வெட்டினால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். இந்தக் காலத்தில் வேலிக்கு வெளியே எங்கே போய்க் குடியிருப்பது? புகையால்தான் இளைப்பு என்று அவர் மனைவி அஞ்சலை தோட்ட மேனேஜரான துரையிடமே போய் நின்றாள். துரை, “அளந்து பார்க்கட்டும். கரி விழுந்தால் நான் செலவு பண்ணுறேன், விழலேன்னா உன் புருஷன் போகட்டும்,” என்று சொல்லிவிட்டார். அந்த அளவுதான் என் சாடிகளில் இருந்தது.

இருந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பத்தரை மணி. முதல் சாடி காவல் கொட்டகைக்குப் பக்கத்தில். அதற்குள் ஒரு சண்டை மீன் நீந்திக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் அதற்குப் பேர்கூட வைத்திருந்தார். இரண்டாவது சாடி ஆஸ்பத்திரி முற்றத்தில். தோட்டத்து மருந்துக்காரர் அதற்குப் பொருத்தமாக ஒரு பலகை மூடி செய்து, மேலே கல்லும் வைத்திருந்தார். “ஒரு தூசி உள்ள போகலைங்க,” என்றார் பெருமையாக.

மூன்றாவது சாடி அஞ்சலை வீட்டு வாசலில், நான் நட்ட கம்பத்தின் மேல். வைரம் மாதிரி மின்னியது. கரி படிவதற்காக நான் ஊற்றிவைத்த தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

“தெனமும் தேச்சி வச்சேங்க,” என்றாள் அஞ்சலை.

“எதுக்கு அம்மா தேய்ச்சீங்க?”

“ஒங்க சாமான் கரி புடிச்சிக் கெடந்தா நல்லாவா இருக்கு? தண்ணி வேற நின்னுச்சு. கொசுக்காரரு பாத்தாருன்னா அஞ்சு வெள்ளி அபராதம் கட்டச் சொல்வாரு.”

ஆஸ்பத்திரிச் சுவரில் அழகான தமிழ் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது: எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் தேங்க விடக்கூடாது. ஒட்டியது யார் என்று அடியில் பார்த்தேன். என் ஆபீஸ்.

கிராணி என்னை ஓரமாக இழுத்தார். “தம்பி, எங்க வீட்டு அடுப்புல கரி இருக்கு. ஒரு புடி போட்டுக் கலக்கிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

ஒரு தேநீர் குடிக்கிற நேரம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அடுப்புக் கரி வேறு, புகைக்கூடத்துக் கரி வேறு; பின்னது பிசுபிசுக்கும், வாடை அடிக்கும். துரை இருபது வருடமாக அந்த வாடையில் வாழ்கிறவர். மாட்டிக்கொண்டால் ராமசாமி பேரோடு என் பேரும் லிஸ்ட்டில் ஏறும். வேண்டாம் என்றேன்.

பதினோரு மணி, தோட்டத்து ஆபீஸ். துரை வெள்ளைக்காரர், தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வரும், மரியாதை மட்டும் அதில் சேரவில்லை. அஞ்சலை வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

“சாடி எப்படி இருக்கு?”

“சுத்தமா இருக்குங்க துரை.”

“சுத்தம்னா கரி இல்லே. சரியா? கிராணி, லிஸ்ட் கொண்டு வா.”

என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. “துரை, அட்டையை இங்கிலீஷில் கட்டியது நான். தப்பு என்னுடையது. அந்த அம்மா தினமும் தேய்த்துவிட்டார்.”

“தெனமும் தேச்சேன் தொரை!” வெளியிலிருந்து அஞ்சலை குரல். “தேய்க்கலேன்னா மறுநாளு மொகம் பாக்க முடியாது, அவ்வளவு கரி. இத பாருங்க.” முழுத் தேங்காய் நாராக இருந்த ஒன்று கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்து, கறுத்து அவள் கையில் இருந்தது.

துரை நாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். தினமும் தேய்க்கும் அளவுக்குக் கரி விழுகிறது என்றால் ஒரு மாதம் எதற்கு? ஒரு ராத்திரி போதும். மூன்று சாடியையும் துரை கண் முன்னால் கழுவி, ஒன்றை மூன்றாவது லயத்திலும் ஒன்றை ஆஸ்பத்திரியிலும் ஒன்றைத் துரை பங்களா வராந்தாப் படியிலும் வைப்போம். காலையில் துரையே பார்க்கட்டும்.

“என் பங்களாவுல எதுக்கு?”

“ஒப்பிட்டுப் பார்க்க, துரை.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ பெரிய போக்கிரி, மேன். சரி. காலையிலே ஆறரை மணி.”

மீன் ஒரு பால்வாளிக்குக் குடிபெயர்ந்தது. காவல்காரர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மதியம் இரண்டு மணிக்குப் புகை அட்டையை நீட்டிப் பிடித்தேன். எண் ஒன்று. காற்று புகையை மரங்களுக்கு மேலே கொண்டுபோனது. “பகல்ல எல்லாம் இப்படித்தான்,” என்றார் கிராணி. ஐந்தரை மணிக்கு ஈர விறகை உள்ளே தள்ளியபோது மறுபடி பிடித்தேன். எண் நான்கு. காற்று விழுந்துவிட்டது, புகை ஏறாமல் கூரையிலிருந்து வழிந்து, நேராக மூன்றாவது லயத்துக்குள் நுழைந்தது. வேலை முடித்து வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தார்கள். ஆறு மணிக்கு வாசல் பூட்டப்பட்டது. இனிக் காலை வரை யாரும் வெளியே போக முடியாது. புகைக்குப் பயந்தும் போக முடியாது. இந்த முறை சாடிகளைப் பற்றி வீடு வீடாகப் போய் வாயாலேயே சொன்னேன். கொசுக்காரருக்கு நானே பொறுப்பு என்றும் சத்தியம் செய்தேன். பிறகு கிராணி வீட்டில் சாம்பார் சாதம், பாயில் படுக்கை.

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை. ஆபீஸ் மேசை மேல் மூன்று சாடிகள். ஒவ்வொன்றிலும் அளந்து ஊற்றியிருந்த தண்ணீரைப் புனலில் புதுத் தாள் வைத்து வடிகட்டினேன். வெளியே அஞ்சலையும் ராமசாமியும் நின்றார்கள். ராமசாமி ஒடிசலான ஆள், பேசினால் மூச்சு செலவாகும் என்று பேச்சையே குறைத்துக்கொண்டவர்.

பங்களாத் தாள் வெள்ளையாக வந்தது. நடுவில் இரண்டு எறும்புகள். ஆஸ்பத்திரித் தாளில் லேசான சாம்பல் நிறம். மூன்றாவது லயத்துத் தாள் கரும்பழுப்பில் பிசுபிசுத்தது. அதை எடைபோடுவதற்கு மலாக்காவில் தராசு இருக்கிறது. ஆனால் அங்கே நின்ற யாருக்கும் தராசு தேவைப்படவில்லை.

துரை தாளில் விரலைத் தேய்த்தார், முகர்ந்தார்.

“என் பங்களாவுல ஒன்னும் விழலே,” என்றார்.

“ஒங்க வீட்டத்தான் காத்து அடிக்கிற பக்கமாப் பாத்துக் கட்டியிருக்காங்களே தொரை,” என்றாள் அஞ்சலை.

கிராணி இருமினார். நான் மேசைக் காலைப் பார்த்தேன். துரை மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்து, “ஆமா,” என்றார்.

பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. புகைக்கூடத்தில் லயத்தைப் பார்த்த பக்கத்துத் திறப்புகளை இன்றே பலகை அடித்து மூட வேண்டும். சாயங்காலம் ஈர விறகு கூடாது. புகைபோக்கியைப் பன்னிரண்டு அடி உயர்த்த சிம்பாங் அம்பாட்டிலிருந்து தகரக்காரரை அழைக்க வேண்டும். அதுவரை மூன்றாவது லயத்தார் ராத்திரியில், பகலில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம். கடைசியாக லிஸ்ட்டை வாங்கி, ஒரு பேரின் மேல் கோடு கிழித்தார். வெட்டுவதற்கு எழுதிய பேரை வெட்டினால் அந்த ஆள் பிழைத்தார் என்று கணக்கு.

எட்டேகால் மணி. டாக்சிக்காக வாசலில் நின்றேன். ராமசாமி வழியனுப்ப வந்திருந்தார். எனக்கு வீட்டு நினைவு வந்தது. மலாக்காவில் அடுத்த வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை கொஞ்சம் அதிகமாகச் சாம்பிராணி போட்டால்கூட, சன்னலைப் படாரென்று சாத்தி என் அதிருப்தியைத் தெருவுக்கே அறிவிக்கிறவன் நான். இங்கே ஐம்பது பேர் மாதக்கணக்காகப் புகையில் சமைத்து, அதில் தூங்கி, அதிகாலையில் எழுந்து பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போயிருக்கிறார்கள். இனி வீட்டில் சன்னல் சாத்தும்போது கொஞ்சம் வெட்கப்படுவது என்று முடிவு செய்தேன்.

வெட்கம் வந்தால் எனக்குப் பேச்சும் வரும். பன்னிரண்டு அடி ஏறினால் புகை ஏன் கீழே விழாது, ராத்திரிக் காற்று ஏன் கனமாகிறது, ஈர விறகுக்கும் காய்ந்த விறகுக்கும் அட்டையில் எத்தனை எண் வித்தியாசம் என்று ராமசாமிக்கு விளக்கினேன். தரையில் குச்சியால் புகைபோக்கி வரைந்தேன். காற்றுக்கு அம்பு போட்டேன். துரை மனம் மாறியது எப்படி என்பதை, என் பங்கைச் சற்றே பெரிதாக்கி, இரண்டு தடவை சொன்னேன். அவர் நெஞ்சில் கையை வைத்தபடி பொறுமையாக நின்றார்.

டாக்சி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, கதவு வழியாகத் தலையை நீட்டிக் கேட்டேன்: “ராத்திரி புகை இல்லாத இடத்துல படுக்கப் போறீங்க. இப்பவே மூச்சு கொஞ்சம் பரவாயில்லையா?”

“நீங்க பேச்ச நிறுத்துங்க, மூச்ச விட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்.”