கலாக்கா சாப்பிட்ட வீடுகள்

எங்கள் ஊரிலிருந்து ஒருவர் வெளியூர் போகிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். எங்களுடையது புதூர்ப் பக்கத்து மானாவாரிக் காடு, வானத்தை நம்பித்தான் விதைப்பு. மழை ஏமாற்றிவிட்டால் வீட்டுக்கு ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அப்பா ஆந்திராவில் ஒரு பலகாரக் கடையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா பத்தாவது முடித்த கையோடு நூல் மில்லுக்குப் போயிருந்தாள். ஆகவே, நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம், எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு வேன் வந்து நின்று அதிலிருந்து ஆறு வெள்ளைக்காரப் பிள்ளைகள் இறங்கியபோது எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. பாவம், அவர்கள் ஊரிலும் மழை இல்லை.

பெரிய சார் பிரேயரில் அவர்களை நிறுத்திவைத்து விளக்கினார். கனடா நாட்டில் ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளைகளாம். நம் பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்ய இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களாம். சம்பளம் என்று ஒரு பைசா வாங்க மாட்டார்களாம். மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. சம்பளமே கொடுக்காமல் வேலை வாங்குகிற முதலாளியிடம் போய் மாட்டியிருக்கிறார்களே என்றிருந்தது.

அவர்கள் கோவில்பட்டியில் ஒரு லாட்ஜில் தங்கி, தினமும் காலையில் வேனில் வந்தார்கள். கூடவே நெட்டையாக ஒரு டீச்சரும், அவர்கள் பேசுவதை எங்களுக்கும் நாங்கள் பேசுவதை அவர்களுக்கும் சொல்வதற்குக் கோவில்பட்டி காலேஜில் படிக்கிற ஒரு அண்ணனும். பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். எங்களுக்கு இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அவர்களையே கவனித்துக்கொண்டிருந்தேன். பேன்ட் முட்டியில் கிழிந்திருந்தது. தைத்துக்கொடுக்க ஆளில்லை. பொம்பளைப் பிள்ளைகளின் காதில், கழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆடிக் காற்றிலும் வெயிலிலும் நின்று சுவரைத் தேய்த்ததில் மூக்குத் தோல் உரிந்து தொங்கியது. எல்லாவற்றையும் விட, மத்தியானம் நாங்கள் தட்டில் சோறும் முட்டையுமாக உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் ஆளுக்கு நாலு பிஸ்கட்டைக் கடித்துவிட்டுப் பாட்டில் தண்ணீரைக் குடித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பது என் அம்மாதான். அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, அவியளுக்குச் சோறு போட மாட்டாங்களா?"

"அவியளுக்கு நம்ம சோறு ஒத்துக்கிடாதுட்டி."

அதை நான் நம்பவில்லை. சோறு ஒருத்தருக்கு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?

எங்கள் வகுப்புக்கு வந்த அக்காவின் பெயர் கிளாரா. அது ஊருக்குள் நுழைந்த இரண்டாம் நாளே கலா ஆகிவிட்டது. பதினாறு வயதிருக்கும். தமிழில் அவளுக்கு மூன்று வார்த்தைகள்தான் தெரியும்: அம்மா, நன்றி, நல்லாயிருக்கு. ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பெண்ணும், கன்றுக்குட்டி மாதிரி ஒரு நாயும். "அம்மா" என்றாள். அந்த அம்மாளை வீட்டில் விட்டுவிட்டு இவளை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.  ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

அதற்குத் தோதாக ஒருநாள் வேன் டயர் பஞ்சரானது. அன்று மத்தியானம், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று கெஞ்சியதில், கலாக்கா முதல்முறையாக அம்மாவின் தக்காளிச் சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். "நல்லாயிருக்கு" என்று சொன்னாள். அம்மா கரண்டியும் கையுமாகப் பூரித்துப்போய் நின்றாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வேன் தயாராகவில்லை. அந்த அண்ணனும் டிரைவரும் டயரைத் தூக்கிக்கொண்டு புதூருக்குப் போயிருந்தார்கள். நான் கலாக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நெட்டை டீச்சரிடம் ஏதோ கேட்டுவிட்டு என்னோடு ஊருக்குள் வந்தாள்.

முதலில் பெரியம்மா வீடு. நான் முன்னால் ஓடிப்போய்ப் பெரியம்மாவின் காதில் சொன்னேன். "பாவம், அவிய வீட்ல சாப்பாட்டுக்கு வழியில்லியாம்."

பெரியம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. சொம்பு நிறையக் கம்மங்கூழைக் கரைத்து, மோர்மிளகாயோடு நீட்டினாள். கலாக்கா குடித்தாள். மிளகாயைக் கடித்ததும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் சிரித்துக்கொண்டே "நல்லாயிருக்கு" என்றாள். எங்கள் ஊரில் சாப்பிடுகிறவர் நல்லாயிருக்கு என்று சொன்னால் இன்னொரு கரண்டி ஊற்று என்று அர்த்தம். பெரியம்மா ஊற்றினாள்.

அடுத்த வீட்டில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. அதற்கடுத்த வீட்டில் அவித்த மொச்சை. ஒவ்வொரு வாசலிலும் நான் முன்னால் போய்க் காதைக் கடித்தேன். ஒவ்வொரு வாசலிலும் அவள் நல்லாயிருக்கு என்றாள். போதும் என்கிற வார்த்தையை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதிரசம், முறுக்கு, கருப்பட்டிக் காப்பி என்று தெரு நீண்டுகொண்டே போனது. எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு ஆரஞ்சு மிட்டாய்கூடச் சும்மா கொடுத்தறியாத கடைக்கார அண்ணாச்சி, பாட்டிலிலிருந்து கை நிறையக் கடலை மிட்டாயை அள்ளினார்.

"நல்லா திங்கச் சொல்லுட்டி. என்ன கஷ்டமோ, இந்த வயசுல வீட்ட விட்டு வந்திருக்கு."

எனக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ஊரே என் பேச்சைக் கேட்டு ஒருத்தியின் பசியை ஆற்றிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட வராண்டாவுக்குத் திரும்பி வந்ததும் கலாக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரி வெளுத்திருந்தது. அப்படியே குனிந்து வாந்தியெடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். பிறகு சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டாள். நெட்டை டீச்சர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். நல்லவேளையாக அதற்குள் டயரை மாட்டி வேன் தயாராகியிருந்தது. அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புதூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

வேன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் சேதி பரவிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளை மத்தியானம் சத்துணவு சாப்பிட்டதாம், விழுந்துவிட்டதாம். தாய்மார்கள் எல்லாம் ஓடி வந்து அவரவர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். "வலிக்காலே? சொல்லுலே, வலிக்கா?" என்று அமுக்கிய அமுக்கில் பாதிப் பள்ளிக்கூடத்துக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. சத்துணவு அமைப்பாளரம்மா சமையல்கட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க வராண்டாம். மேல இருந்து என்ன சொல்லுதாங்கன்னு பாப்போம்" என்றார் அம்மாவிடம்.

அந்த வேலை கிடைக்க அம்மா எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றாள் என்பது எனக்கே தெரியும். அவள் மிச்சமிருந்த சோற்றை வெளியே எடுத்துவைத்திருந்த சட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கை அள்ளி வாயில் போட்டாள்.

"எல்லாரும் பாத்துக்கோங்க. நான் ஆக்குன சோறு. நான் திங்குதேன்."

மறுபடியும் அள்ளினாள். கண்ணீர் வழிந்து கன்னத்தில் சோற்றுப் பருக்கையோடு ஒட்டியது. கூட்டத்தில் பெரியம்மா நின்றாள். கடைக்கார அண்ணாச்சி நின்றார். களி கிண்டியவள், மொச்சை அவித்தவள் எல்லோரும் நின்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. தன் வீட்டுப் பண்டம்தான் அந்தப் பிள்ளையைச் சாய்த்துவிட்டதோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். நானும் பேசவில்லை. ஆனால் என் காரணம் வேறு. சாப்பாடு ஒருவரை வாந்தியெடுக்க வைக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்ததால் வந்த மயக்கம் என்றுதான் நினைத்தேன்.

சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். "வாங்க மதினி, நேர்ல போயிப் பாப்போம்" என்றார். அம்மா ஏறினாள். நான் அழுத அழுகையில் என்னையும் நடுவில் திணித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கலாக்கா குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாள். நெட்டை டீச்சர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டு நடந்தார். டாக்டரம்மா அந்தக் காலேஜ் அண்ணனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாப்பிட்டாங்கன்னு கரெக்டாச் சொல்லுங்க."

"சத்துணவுதான் டாக்டர். வேற ஒண்ணும் சாப்பிடல."

வேறு ஒன்றும் சாப்பிடவில்லையா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவே கூடிப் பசியாற்றியிருக்கிறது; இவர் பாட்டுக்கு ஒன்றுமில்லை என்கிறார்.

"இல்ல டாக்டர், அவிய நல்லா சாப்பிட்டாங்க! எங்க பெரியம்மா வீட்ல ரெண்டு சொம்பு கூழு. பொறவு உளுந்தங்களி. பொறவு மொச்சை, அதிரசம், முறுக்கு. அண்ணாச்சி கடையில கடலை மிட்டாயி. கருப்பட்டிக் காப்பி மூணு வீட்ல..."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

"இவ்வளவும் இன்னிக்கா?"

"ஆமா. பள்ளிக்கூடம் விட்ட பொறவு."

டாக்டரம்மா கலாக்காவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் கண்ணைத் திறந்து, வெட்கத்தோடு தலையை ஆட்டினாள். டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. உங்க சோத்துல ஒண்ணுமில்ல. வயித்துல இடமில்லாமத்தான் வெளிய வந்திருக்கு. வெயில் வேற. காலையில எந்திரிச்சு நடமாடுவாங்க."

அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குட்டி அவங்கள இத்தனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பாவம்லா? வீட்ல கஞ்சிக்கு வழியில்லாமத்தான வேலைக்கு வந்திருக்காங்க. சம்பளமும் கிடையாது."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை நெட்டை டீச்சருக்கு இங்கிலீஷில் சொன்னார். டீச்சர் போனைக் கீழே இறக்கினார். என்னையே பார்த்தார். முகம் சிவந்தது. என் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் கலாக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிளம்பும்போது டாக்டரம்மா அவளுக்கு ஒரு புது வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து, பல தடவை திருப்பிச் சொல்லவைத்தார். "போதும்."

திரும்பும் வழியில் அம்மாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சித்தப்பாவுக்கும் தொற்றிக்கொண்டு, பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஊருக்குள் சேதி சொன்னதும் அத்தனை பிள்ளைகளின் வயிற்றுவலியும் அந்த நிமிஷமே தீர்ந்தது. அதுவரை ஊமையாக நின்றவர்கள் இப்போது போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். "என் கூழுதாம்ல கூடிப்போச்சு" என்று பெரியம்மா ஏதோ பரிசு வாங்கியவள்போலச் சொல்லிக்கொண்டாள். அமைப்பாளரம்மா சாவியைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். அம்மா மறுநாள் வழக்கம்போல உலையேற்றினாள்.

அவர்கள் ஊருக்குப் போகிற அன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். புதுச் சுவர் பளபளவென்றிருந்தது. நெட்டை டீச்சர் மைக்கில் பேசினார்.  காலேஜ் அண்ணன் அதைத் தமிழில் சொன்னார்:

"ஏழைப் பிள்ளைகளுக்கு நம்மால முடிஞ்ச உதவியைச் செய்யணும்னு இங்க வந்தோம். எங்களுக்கு நீங்க செஞ்சதைத்தான் நாங்க எடுத்துட்டுப் போறோம்னு டீச்சர் சொல்லுதாங்க."

ஏழைப் பிள்ளைகள் என்றதும் நான் எட்டி, வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஆறு பேரையும் பார்த்தேன். இப்படி எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லிவிட்டார்களே, அவர்களுக்குக் கூச்சமாக இருக்காதா என்று சங்கடமாக இருந்தது. ஆனால் கலாக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சரி, இனிமேல் அவர்களுக்கு உதவி செய்ய யாரோ பொறுப்பெடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு நிம்மதியானது. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன்.