பார்க்கவில்லை என்று நான் சொன்ன கழுகு

அந்தக் கழுகை நான் பார்த்தேன். பலர் முன்னிலையில் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். சங்கரி ஐந்தருவியில் பழக்கடை வைத்திருப்பவள். பங்குனியில் அருவி வற்றிவிடும். அவள் கடையும் மூடிக் கிடக்கும். அந்த ஞாயிறு காலைகளில் இருவரும் என் ஸ்கூட்டரில் சுந்தரபாண்டியபுரத்து வெட்டவெளிக்குப் போவோம், குளிர்காலத்துக்கு வந்து வடக்கே திரும்பவிருக்கும் பெரிய பறவைகளைப் பார்க்க. என் பழைய பைனாகுலரை அவளுக்குக் கொடுத்திருந்தேன். பறவைகளை அறிமுகப்படுத்தியதும் நான்தான் என்ற கர்வம் எனக்குண்டு...

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, உழுதுபோட்ட நிலத்தில் பழுப்பாய் ஒரு பறவை நின்றது. எங்கும் காணும் கரும்பருந்துதான் என்றேன்.

"இல்ல டீச்சர், எவ்ளோ பெருசா இருக்கு பாருங்க. வாயோரத்து மஞ்சக்கோடு கண்ணு முடியுத வரைக்கும் ஓடுது. நீங்க தந்த புஸ்தகத்துல இருக்குல்லா, புல்வெளிக் கழுகு... அதுதான்."

பார்த்தேன். மஞ்சள் கோடு தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டிராத பறவை! நான் கேமராவை எடுப்பதற்குள் அது எழுந்து, வட்டமிட்டு உயர்ந்து, மலைப்பக்கம் மறைந்தது. சங்கரி மகிழ்ச்சியில் அழுதுவிட்டாள். எனக்கோ நெஞ்சில் ஏதோ குத்தியது. என் பாடத்தில் அவள் என்னை முந்திவிட்டாளே...

அடுத்த வாரம் தென்காசியில் எங்கள் பறவை ஆர்வலர் குழு கூடியது. சங்கரி எழுந்து, பார்த்ததைச் சொன்னாள். குழுத் தலைவர் சிரித்தார்.

"போட்டோ இல்லாம எப்படிம்மா நம்புறது? மேடம், நீங்க கூட இருந்தீங்கள்ல, நீங்க சொல்லுங்க."

"கரும்பருந்தாத்தான் இருக்கும் சார். நான் வேற எதையும் பாக்கல."

யார் என்னை மிரட்டினார்கள்? யாருமில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சங்கரி உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "டீச்சர், நான் பொய் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்கு வெயில்ல கண்ணு கூசிட்டு, சங்கரி."

அது இரண்டாவது பொய். அவள் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினாள். வாரை மெல்லச் சுற்றி என் கையில் வைத்துவிட்டு, பேருந்து நிலையம் நோக்கி நடந்தாள். அதன்பின் என்னோடு வரவேயில்லை.

சென்ற பங்குனியில் வேறொருவர் அதே வெளியில் புல்வெளிக் கழுகைப் படமெடுத்தார். இப்பகுதியின் முதல் பதிவு என்று வாட்ஸ்அப் குழுவில் பாராட்டுகள் குவிந்தன. நானும் வாழ்த்தினேன். பிறகு, 'சங்கரி முன்பே பார்த்துவிட்டாள்' என்று தட்டச்சு செய்தேன்... அழித்தேன். அனுப்பியிருந்தால், அவள் சொன்னதைப் பொய்யாக்கியவள் யார் என்று கேட்டிருப்பார்கள் அல்லவா?

இப்போதும் ஞாயிறுகளில் தனியே போகிறேன். பார்த்தவற்றைக் குறித்துவைக்கிறேன். என் பதிவுகளை யாரும் சந்தேகிப்பதில்லை. அதுதான் என்னைக் கூச வைக்கிறது.

இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சங்கரியை அறியமாட்டீர்கள்... அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிந்தது.