கோவிலம்பாக்கத்துக்கு ஒரு பம்பு கைப்பிடியோடு

கிராமங்களில் குடிநீர் வேலை செய்யக் கிளம்பும் சிலர், எப்படிப் போவது, என்ன எடுத்துப் போவது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் போன கதையைச் சொல்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அப்போது தாம்பரத்தில் ஒரு தொண்டு அமைப்பில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் ஆட்கள் கோவிலம்பாக்கத்தில் ஆழ்துளை போட்டு அடிபம்பு வைத்தார்கள். அன்றே நல்ல தண்ணீர் வந்தது. ஆனால் திறப்பு விழா ஆகவில்லையே! முதல் தண்ணீரைச் சிறப்பு விருந்தினராக வரும் தலைவர்தான் அடிக்க வேண்டும் என்று கைப்பிடியைக் கழற்றி, சாக்கில் சுற்றி, என் மேஜைக்கடியில் போட்டோம். தலைவர் இரண்டு முறை தேதியை மாற்றினார். ஊர் ஏரித் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தது.

பம்பு வைத்த பதினேழாம் நாள், வியாழக்கிழமை, கன்னியம்மா என்ற பெண் அந்த ஊரிலிருந்து நடந்தே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"கொழந்தைக்கு ரெண்டு நாளா வயித்தால போயிக்கினே கீது சார். அந்தக் கைப்பிடிய குட்த்தா நல்ல தண்ணியாவது ஊத்துவேன்."

"திங்கக்கிழமை விழாம்மா. நாலே நாள் பொறுத்துக்கோங்க" என்றேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். இதைச் சொல்லும்போது கைப்பிடி என் காலில் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை, விழா மறுபடி தள்ளிப்போனதாகத் தகவல் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் ஆராதனை முடிந்ததும், யாரிடமும் கேட்காமல், கைப்பிடியை எடுத்துக்கொண்டு 9.40 மின்சார ரயிலில் ஏறினேன். பல்லாவரத்துக்கு டிக்கெட் இருபது பைசா. ஸ்டேஷன் வாசலில் வாடகை சைக்கிள், மணிக்குப் பதினைந்து பைசா.

"இன்னா சார், பம்ப கழட்டிக்கினு போறியா?" என்றார் கடைக்காரர்.

"மாட்டப் போறேன்."

அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் சொச்சம். கீழ்க்கட்டளை தாண்டியதும் மண் பாதை. கேரியரிலிருந்து கைப்பிடி இரண்டு முறை நழுவி விழுந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி 10.50.

பம்பில் கட்டிய மாவிலைத் தோரணம் சருகாகியிருந்தது. ஸ்பேனரால் முடுக்கி இருபது தடவை அடித்ததும் தண்ணீர் கொட்டியது. பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். கன்னியம்மா மட்டும் குடமில்லாமல் தள்ளி நின்றார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம போயிடிச்சி சார்." தண்ணீரைப் பார்த்தார். "தலைவரு வரலியா சார்?"

 

மூன்று வாரம் கழித்துத் தலைவர் வந்தார். விழாவுக்காகக் கைப்பிடியை மறுபடி கழற்றச் சொன்னார்கள். வெட்கமில்லாமல் கழற்றிக் கொடுத்தேன். அவர் முதல் தண்ணீர் அடிக்கும் போட்டோவில், பின்னால் கை தட்டிக்கொண்டு நிற்பவன் நான்தான்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சொந்தமாக ஒரு ஸ்பேனர் எடுத்துப் போங்கள். தண்ணீர் வந்த அன்றே, குடத்தோடு நிற்பவர் கையில் கைப்பிடியைக் கொடுத்துவிடுங்கள். தாம்பரத்திலிருந்து அந்த பம்புக்கு எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. வியாழக்கிழமை கிளம்பியிருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.